எலுமிச்சைத் துளிரில் ஒரு வெள்ளிக் கோடு



உங்கள் பள்ளி வளாகத்தில் எலுமிச்சையோ நாரத்தையோ இருந்தால் அதன் துளிரைப் பாருங்கள். நத்தை ஊர்ந்த தடம்போல வெள்ளிக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடும், இலை சுருண்டிருக்கும். உடனே யாராவது "மருந்தடிக்க வேண்டும்" என்பார்கள். அதற்குமுன் அந்த இலையை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள்.

கோட்டைப் போட்டது இலைத்துளைப்பான் என்னும் அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதை விவரித்தார். சிறகை விரித்தாலே சுமார் 4 மில்லிமீட்டர்தான். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களே இதன் வீடு, வில்வத்திலும் வரும். ஆனால் இளந்துளிர்தான் வேண்டும், முற்றிய இலையைத் தொடாது.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு நேரே இலைத்தோலுக்குள் புகுகிறது. அதற்குக் கால்கள் இல்லை. தோல் செல்களைக் கிழித்துச் சாற்றைக் குடித்தபடியே நகர்கிறது. பாதையின் நடுவே தெரியும் கருங்கோடு அதன் எச்சம். (பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், பிறகு மறக்கமாட்டார்கள்.) வளர வளரப் பாதை அகலமாகும். கடைசியில் இலையோரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகும்.

எட்டாம் வகுப்பில் நான் ஆளுக்கொரு இலை கொடுத்துக் கேட்பது இவ்வளவுதான்: புழு எங்கே பிறந்தது, எங்கே போனது? குறுகிய முனை எது, அகன்ற முனை எது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சில பாதைகள் பாதியில் நின்றுவிடும். அந்த இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லென்சில் பார்க்கச் சொல்லுங்கள். செத்த புழுவின் அருகே வேறொரு சிறு புழுவோ கூட்டுப்புழுவோ தெரியலாம். அது குளவியின் பிள்ளை!

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். புழு இலைத்தோலுக்கு உள்ளே இருக்கிறது. தெளிக்கும் மருந்து பலவும் அதை எட்டாமல், வெளியே திரியும் குளவியைக் கொன்றுவிடும். 1993இல் இப்பூச்சி அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நுழைந்தபோது, மறு ஆண்டே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தைத் தருவித்து விட்டார்கள். அது அங்கே நிலைத்தும்விட்டது.

ஒரு எச்சரிக்கை. தக்காளி, தட்டைப்பயறு இலைகளில் இதேபோல் வளைந்தோடும் கோடு பெரும்பாலும் ஒரு ஈயின் புழு போட்டது. அதையும் அந்துப்பூச்சி என்று பாடம் நடத்திவிடாதீர்கள்.

வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும். நாற்றுகள்தான் பாவம், சொறிநோய்க் கிருமியும் இந்தக் காயங்கள் வழியே நுழையும். நாற்றில் மிகவும் சுருண்ட இலைகளைக் கிள்ளிவிடலாம். கிள்ளியதை எறியவேண்டாம், அடுத்த வகுப்புக்கு ஆகும்.