எழுதி வைத்த சொல்



பிள்ளை சிறியதாக இருக்கும்போது ஒரு சொல் போதும். "தெருவுக்குப் போகாதே" என்றால் போகாது. பதிமூன்று, பதினான்கு வயது ஆனால் அப்படி இல்லை. "ஏன் போகக் கூடாது?" என்று கேட்கும். பெற்றோருக்குக் கோபம் வரும். வீட்டில் சண்டை வரும்.

கேள்வி கேட்பது கெட்ட குணம் அல்ல. அது வளர்ச்சி. உடம்பு வளர்வது போல அறிவும் வளர்கிறது. அந்த வயதில் வாயால் போடும் கட்டளை மட்டும் போதாது. எல்லாரும் கூடிப் பேசி, எழுதி வைத்த சொல் உதவும். எப்படி என்று பார்க்கலாம்.

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே சுரங்கத்தில் தங்கம் எடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வேலை போயிற்று. அதன் பிறகு பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். இரவில்தான் வீடு திரும்புகிறார்கள்.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு 13 வயது. பிள்ளைகள் கண் விழிக்கும்போது பெற்றோர் வீட்டில் இல்லை.

ஒரு நாள் இரவு 8 மணிக்குப் பெற்றோர் வீட்டுக்கு வந்தார்கள். மகளைக் காணவில்லை. எட்டரை மணிக்கு வந்தாள். "தோழி வீட்டில் கணக்குப் போட்டோம்" என்றாள். அப்பா நம்பவில்லை. "படித்தது போதும். நாளை முதல் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்றார்.

மகள் அழுதாள். "தம்பி ஒன்பது மணிவரை ஊர் சுற்றுகிறான். அவனை மட்டும் ஏன் கேட்கவில்லை?" என்றாள். அப்பாவிடம் பதில் இல்லை.

அம்மா முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் சொன்னார்: "ஏங்க, எத்தனை மணிக்கு வரணும்னு நாம இவங்ககிட்ட சொன்னதே இல்லையே. சொல்லாத விதிக்குத் தண்டனை கொடுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். அதுவரைக்கும் அவ பள்ளிக்கூடம் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா எழுதினார். எழுத்து மெதுவாகத்தான் வந்தது. அதுவும் நல்லதாயிற்று. ஒரு வரி முடியும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கோபம் தணிந்தது.

அவர்கள் எழுதியது இது:

1. மகளும் மகனும் மாலை 7 மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும். இருவருக்கும் ஒரே நேரம்.
2. வேறு வீட்டில் படித்தால், யார் வீடு என்று சிலேட்டில் எழுதி வைக்க வேண்டும்.
3. ஒரு வாரம் மகள் சமையல், மகன் தண்ணீர் பிடிப்பது. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ள வேண்டும்.
4. இரவு 9 மணிக்குமேல் செல்போன் அலமாரியில் இருக்க வேண்டும். அப்பாவின் போனும்தான்.
5. தாமதமாக வந்தால் மறுநாள் விளையாட்டு இல்லை. அடியும் இல்லை.
6. கோபத்தில் யாருடைய படிப்பையும் நிறுத்தக் கூடாது.

ஆறாவது வரி வந்தபோது அப்பா தயங்கினார். "இதையும் எழுதணுமா?" என்றார். "எழுதணும்ப்பா" என்றாள் மகள். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒரு காலத்தில் கைநாட்டு வைத்த அம்மாவும் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளும் போட்டார்கள். தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் மகன் ஏழரை மணிக்கு வந்தான். யாரும் திட்டவில்லை. அம்மா தாளைக் காட்டினார். மறுநாள் அவன் விளையாடப் போகவில்லை. இன்னொரு நாள் இரவு 9 மணிக்குப் பிறகும் அப்பா போன் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் நாலாவது வரியைக் காட்டினான். அப்பா சிரித்துக்கொண்டே போனை அலமாரியில் வைத்தார். அன்றுதான் பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் நம்பிக்கை வந்தது.

இந்தத் தாளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வீட்டுத் தாளுக்கு முத்திரை நம்பிக்கைதான். பெற்றோர் சொல் தவறினால் தாள் வெறும் தாள்தான்.

சில விஷயங்களைப் பேசி மாற்ற முடியாது. "மோட்டார் பைக் ஓட்டுகிறேன்" என்று 16 வயது மகன் கேட்கலாம். அதற்கு 18 வயது ஆகி, லைசென்ஸ் எடுக்க வேண்டும். 2019-இல் சட்டம் கடுமையாயிற்று. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் கிடைக்கலாம். கல்யாணமும் அப்படித்தான். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகாமல் கூடாது. 2006-ஆம் ஆண்டின் சட்டம் இதைச் சொல்கிறது. எந்தத் தாளிலும் இதை மாற்றி எழுத முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு தாள் எழுதலாம். ஐந்தாறு வரி போதும். "ஒழுங்காக இரு" என்று எழுதாதீர்கள். "7 மணிக்குள் வா" என்று எழுதுங்கள். பிள்ளை செய்ய வேண்டியதை எழுதுங்கள். நீங்கள் செய்ய வேண்டியதையும் எழுதுங்கள். மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிப் பேசுங்கள். சொன்னபடி நடந்த பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சுதந்திரம் கொடுங்கள்.

எழுத்துக் கற்றது பஸ் போர்டு படிக்க மட்டும் அல்ல. வீட்டில் அமைதி உண்டாக்கவும் எழுத்து உதவும்.

பேசிப் பாருங்கள்:

உங்கள் வீட்டில் எதற்காக அடிக்கடி சண்டை வருகிறது?
அந்தத் தாளில் உங்களுக்கென்று எந்த வரியை எழுதுவீர்கள்?