சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்



இன்று நம் சிந்தனையை ஒரு சமையலறையிலிருந்து தொடங்குவோம். எங்கள் பங்குத்தந்தை இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் சிங்க் ஒன்று உண்டு. அடைப்பானைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி வைத்தால், சிறிது நேரத்தில் தண்ணீர் தானாகக் குறைந்துவிடும். கீழே உள்ள அலமாரியில் எப்போதும் ஈரம். பெரிய ஒழுக்கு அல்ல, வெறும் சொட்டுதான். பங்குத்தந்தையும் உதவிப் பங்குத்தந்தையுமாக இருக்கும் நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. காரணம் எளிது. நாங்கள் சாப்பாட்டு மேசை வரைதான் போவோம். சிங்க் பக்கம் போவதில்லை.

ஒரு நாள் காலையில், எங்களுக்குச் சமைத்துத் தரும் அம்மா அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு அவரை வீட்டில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அந்த அலமாரியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு பழைய அலுமினியச் சட்டி இருந்தது. மாதக்கணக்காக அதைச் சொட்டுக்கு அடியில் வைத்து, நிறைந்ததும் எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றி வந்திருக்கிறார். அன்று சட்டி நிறைந்து தரையில் வழிந்திருக்கிறது.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டோம்.

“சொன்னா குறை சொல்ற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன் சாமி” என்றார்.

வெட்கப்பட்டோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலை வைத்து, தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பீடத்திலிருந்து பேசியவர்கள் நாங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல். அந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சட்டி மட்டும் தெரியவில்லை.

பழுதைச் சரிசெய்ய முதலில் நாங்களே இறங்கினோம். குழாயின் அடி வளைவில் சொட்டியதால், எம்-சீல் வாங்கிப் பிசைந்து அங்கே அப்பினோம். மறுநாள் மறுபடியும் சொட்டு. பிறகு பிளம்பர் தம்பியை அழைத்தோம். அவர் உடனே ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. பழைய துணியால் குழாய் முழுவதையும் ஈரமில்லாமல் துடைத்தார். சிங்க்கை நிரப்பி அடைத்தார். டார்ச் அடித்தபடி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தார். முதலில் நனைந்தது மேலே, சிங்க்கின் துளைக்கு நேர் கீழே இருந்த காகிதம். அங்கே கசிந்த நீர்தான் குழாயின் மேல் வழிந்து வளைவில் சொட்டியிருக்கிறது.

“சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற சாமி” என்றார்.

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில், பத்து நாணயங்களில் ஒன்றைத் தொலைத்த பெண்ணை நாம் அறிவோம். அவர் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும் வரை தேடினார். ஒழுக்கைத் தேடவும் அதே விளக்கும் அதே பொறுமையும் வேண்டும்.

அன்பர்களே, நம் குடும்பங்களிலும் இதுதான் நடக்கிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சண்டை. ஆனால் மனத்தாங்கல் உப்பில் இல்லை. எப்போதோ கேட்காமல் விட்ட ஒரு மன்னிப்பில் இருக்கிறது. ஒப்புரவு அருளடையாளத்திற்கு வரும்போதும், கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சொட்டுகளை மட்டும் எண்ணிச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தக் கோபம் எங்கிருந்து கசிகிறது என்று மேலே பார்ப்பதில்லை.

அந்தத் தம்பி இறுகிப்போன பழைய வாஷரைக் கழற்றினார். ஒட்டியிருந்த பழைய பசையை முழுவதும் சுரண்டினார். நன்றாகக் காயவிட்டு, புது வாஷர் போட்டுக் கையாலேயே திருகினார். கடைசியாக ஸ்பேனரால் சிறிதளவுதான். “ரொம்ப முறுக்கினா பிளாஸ்டிக் நட்டு உடைஞ்சிடும்” என்றார். பசை இறுகும்வரை ஒரு நாள் தண்ணீர் விடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோரும், மக்களைத் திருத்தும் எங்களைப் போன்றோரும் இதை மனத்தில் வைக்கலாம். பழைய கசப்பைச் சுரண்டாமல் புது வாக்குறுதி ஒட்டாது. அளவுக்கு மீறி முறுக்கினால் உடையும். ஒப்புரவான மறுநாளே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று அவசரப்படவும் கூடாது.

மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை அந்த அம்மாவுக்கு ஓய்வு. சம்பளம் வழக்கம்போல் போனது. பாத்திரங்களை நாங்களே கழுவினோம். அந்த இடத்தில் நின்றபோதுதான் அங்கே வெளிச்சம் போதாது என்பதும் தெரிந்தது. விளக்கு ஒன்று மாட்டினோம்.

ஒவ்வொரு வீட்டிலும் நம் ஒழுக்குக்கு அடியில் சத்தமில்லாமல் சட்டி வைப்பவர் ஒருவர் இருக்கிறார். தாயாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், வேலைக்கு வருபவராக இருக்கலாம். அவர் விழும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அவரிடம் போய், “ஏதாவது சிரமம் இருக்கிறதா?” என்று கேட்போம். அவர் சொல்வதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் கேட்போம்.

செபிப்போம். இறைவா, எங்கள் வீட்டில் நாங்கள் பார்க்க மறந்த மூலைகளை எங்களுக்குக் காட்டும். அங்கே நிற்பவர்களின் சுமையைப் பகிர எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.