மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு எழுத்து தெரியலைன்னா, தப்பு யார் மேல?

(தருமபுரியில் நடந்த நம் கல்விக் கருத்தரங்கில் பேசிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். உங்க வீட்டிலோ தெருவிலோ தொடக்கப் பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளை இருந்தாலும் முழுசாப் படிச்சிடுங்க தோழர்களே.)



முப்பது வருசம் தொடக்கப் பள்ளி வாத்தியாரா இருந்துட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் கட்சி மேடை ஏறியவன் நான். அதனால் என் பேச்சில் மேடை வாசனையை விட சாக்பீஸ் வாசனைதான் அதிகம் இருக்கும். பொறுத்துக்குங்க.

2022 ஜூன் மாசம். பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. மூணாம் வகுப்பில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். புத்தகத்தைக் கொடுத்தேன். தலைகீழாப் பிடிச்சான். பக்கத்துப் பிள்ளைகள் சிரிச்சாங்க. அவனும் சேர்ந்து சிரிச்சான், அதுதான் எனக்குத் தாங்கலை.

இவன் ஏன் இப்படி இருக்கான்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடத்தை மூடினாங்க. இவன் ஒண்ணாம் வகுப்பில் பேர் பதிஞ்சது அந்த வருசம். ஒண்ணு முதல் எட்டு வரைக்கும் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அதாவது இவன் முதன்முதலா வகுப்பறைக்குள்ள கால் வச்சப்பவே ரெண்டாம் வகுப்பு. ஜனவரியில் மறுபடி மூடினாங்க. பிப்ரவரியில் திறந்தப்போ இவன் அப்பா அம்மாவோடு பெங்களூரு பக்கம் செங்கல் சூளையில் இருந்தான். மூணாம் வகுப்புக்கு வரும்போது இவன் வாழ்நாளில் பள்ளிக்கூடத்தில் இருந்த நாள் மொத்தம் ரெண்டு மாசம் கூடத் தேறாது.

ஆனா அவன் கையில் இருந்தது மூணாம் வகுப்புப் புத்தகம். அதில் பத்திப் பத்தியா பாடம்.

இப்ப சொல்லுங்க, அவன் மக்குப் பிள்ளையா?

அவனுக்கு என்ன தெரியும்னு நான் கேட்டுப் பார்த்தேன். சூளையில் கல் அடுக்குவதைச் சொன்னான். பத்துப் பத்தா அடுக்கணும், பத்து வரிசை ஆனா நூறு, நூறு பத்து ஆனா ஆயிரம், ஆயிரம் கல்லுக்குத்தான் கூலி. வாயாலேயே இதைத் தெளிவாச் சொல்கிறான். 47ன்னு எழுதச் சொன்னா எழுதத் தெரியலை. இட மதிப்பு என்று நாங்க ஒரு மாசம் மல்லுக்கட்டிச் சொல்லித் தருவதை அந்தப் பிள்ளை செங்கல்லில் படிச்சிட்டு வந்திருக்கான். பாடம் அங்கிருந்து தொடங்கணும். நம்ம ஊரில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? பத்துப் பத்தா கூறு கட்டி வச்சேன். நாலு கூறு, ஏழு கொட்டை. எழுதுடான்னேன். ஒரே வாரத்தில் எழுதிட்டான்.

நம்மில் பல பேர் பாடத்திட்டம்னா பாடநூல்னு நினைச்சுக்கிறோம். பாடநூல் சென்னையில் தயாராகுது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அதைச் செய்யுது. 2017இல் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு போட்டு, 2018, 2019இல் புதுப் பாடநூல்கள் வந்தன. நல்ல புத்தகங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பையன் முன்னால் எந்தப் பக்கத்தைத் திறப்பது, இன்னிக்கு எதைச் சொல்லிக் கொடுத்து எதை நாளைக்கு விடுவது என்கிற திட்டம் எந்த அச்சகத்திலும் அச்சாகாது. அது வகுப்பறையில் ஆசிரியர் தலைக்குள் நடக்கிற வேலை. அதுக்கு நேரம் வேணும், ஆள் வேணும்.

அந்த ஜூன் மாசம்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கினாங்க. 2025க்குள் எட்டு வயசுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைக்கும் வாசிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வரணும் என்பது குறிக்கோள். முதலில் ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரை. அடுத்த வருசம் நாலு, அஞ்சும் சேர்ந்தது.

திட்டத்தின் உயிர் எங்கே இருக்குன்னா, பிள்ளைகளை மூணு நிலையாப் பிரிச்சதில்: அரும்பு, மொட்டு, மலர். எழுத்து கூடத் தெரியாத பிள்ளை அரும்பு. சொல் படிக்க ஆரம்பிச்சா மொட்டு. வாக்கியம், பத்தி படிச்சுப் புரிஞ்சுக்கிற பிள்ளை மலர். மூணாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அரும்பாக இருக்கலாம், அது குற்றமில்லை. அவனுக்கு அரும்புக்கான பயிற்சி நூல் கொடுப்பாங்க. அவனை வச்சு முதலில் பாட்டு, கதை எல்லாம் வகுப்பே சேர்ந்து செய்யும். பிறகு அவரவர் நிலைக்கு ஏற்ற வேலை. ஆசிரியருக்குக் கையேடு உண்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் பயிற்சி உண்டு.

எங்க பையன் அரும்பு குழுவில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை. வெட்கப்படுவானோன்னு பயந்தேன். அவன் அந்தச் சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சிட்டான். அடுத்த பொங்கலுக்குள் மொட்டு.

இது திடீர்னு வானத்திலிருந்து குதிச்ச யோசனை இல்லை. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியில் ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகளை வச்சு, அட்டைகளும் படிப்படியான ஏணியுமா ஒரு முறையை உருவாக்கினாங்க. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையரா இருந்தப்போ 2003இல் அதைக் கொண்டு வந்தாங்க. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல். பிள்ளை எந்தப் படியில் நிற்குதோ அங்கிருந்து ஏறணும் என்பதுதான் அதன் சாரம். நானும் அந்த அட்டைகளைத் துடைச்சு அடுக்கினவன்தான். நாலைஞ்சு வருசத்தில் அட்டை கிழிஞ்சுது, மாத்திக் கொடுக்க ஆளில்லை. தட்டில் தூசி படிஞ்சுது. நல்ல திட்டங்கள் நம்ம ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. யாரும் எதிர்ப்பது கிடையாது, யாரும் கவனிப்பதும் கிடையாது.

எண்ணும் எழுத்தும் அப்படி ஆகிவிடக் கூடாதுன்னுதான் இன்னிக்கு இந்த மேடை.

குறையைச் சொல்றேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர். அதே சட்டம் தொடக்கப் பள்ளிக்கு வருசம் 200 நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று சொல்லுது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அஞ்சு வகுப்பு, ரெண்டு ஆசிரியர். ஒருத்தர் ஒண்ணு ரெண்டு மூணு பார்த்தா இன்னொருத்தர் நாலு அஞ்சு. மூணு வகுப்புக்குள் மூணு நிலை, தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாத்துக்கும். அந்த நாலு மணி நேரத்தைப் பிரிச்சுப் பாருங்க. அதில் தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போனா மீதி ஒரே ஆள். அவர் சொல்லித் தருவாரா, பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பாரா?

இதுக்கு மேல செல்போன் வேலை. வருகைப் பதிவு செயலியில், மதிப்பீடு செயலியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கற்றல் விளைவாத் தட்டணும். மலைக் கிராமத்தில் சிக்னல் கிடைக்காம ஆசிரியை போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மைதானத்தில் நிற்பதை நானே பார்த்திருக்கேன். உள்ளே பிள்ளைகள் சத்தம். 2023இல் பி.எட். மாணவர்களை அனுப்பிப் பள்ளிகளை மதிப்பிட வச்சப்போ ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 'நாங்க ஒழுங்கா நடத்துறோமான்னு எங்ககிட்ட படிக்க வர்றவங்க வந்து பார்ப்பாங்களா' என்கிற கோபம் அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. அதே நேரம், சோதனையே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எத்தனை அரும்பு மொட்டாச்சுன்னு ஊருக்குத் தெரியணும். பிள்ளையின் நிலையைத் தெரிஞ்சுக்கத்தான் மதிப்பீடு. மேலிடத்துக்கு எண் அனுப்புவதற்காகன்னு ஆகிட்டா, எல்லாப் பிள்ளையும் காகிதத்தில் மலர்ந்திடும்.

காலை உணவைப் பத்தி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15 மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. நம்ம தாய்மார்கள் விடியக்காலையிலேயே தக்காளி பறிக்கவும் கட்டட வேலைக்கும் கிளம்பிடறாங்க. ராத்திரி களி மிச்சம் இருந்தா பிள்ளைக்கு உண்டு, இல்லாட்டி இல்லை. வெறும் வயித்தோட வந்த பிள்ளை பதினொரு மணிக்குச் சுருண்டு படுத்துக்கும். எந்தக் கட்சி கொண்டு வந்தா என்ன, இது நல்ல காரியம். முதல் பாடவேளை கிடைச்சது இதனால்தான்.

இனி முக்கியமான விசயம். இதுக்காகத்தான் நான் பேசவே ஒத்துக்கிட்டேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதத்துக்குச் சற்று மேல். தருமபுரி 68.54. மாநிலத்திலேயே கடைசி. இதைக் கேட்டா நமக்குக் கூச்சமா இருக்கு. ஆனா காரணம் என்னன்னு யோசிச்சிருக்கோமா? பொங்கல் முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பாருங்க. சட்டி பானை, சுருட்டின பாய், கூடவே பிள்ளைகள். மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்திட்டான், குடும்பத்தோட போகணும். கர்நாடகச் சூளைக்கு, கரும்பு வெட்டுக்கு, கட்டடத்துக்கு. சித்தேரி மலையிலிருந்து எங்கெங்கேயோ போறாங்க. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் நம்ம மாவட்டத்துக்காரங்களும் இருந்தாங்க, மறந்திருக்க மாட்டீங்க.

போன இடத்தில் தமிழ்ப் பள்ளி கிடையாது. ஜூனில் திரும்பி வருது பிள்ளை. பதிவேட்டில் அது நின்ற பிள்ளை இல்லை, பேர் இருக்கு, அதனால் கணக்கில் இடைநிற்றல் கிடையாது. ஆனா மொட்டா இருந்தது மறுபடி அரும்பா வருது. எங்க பையனும் அப்படித்தான். மொட்டு ஆன மறு வாரமே பொங்கல். போயிட்டான். நான் அந்த மே மாசத்தோட ஓய்வு. அவன் திரும்பி வந்தப்போ நான் அங்கே இல்லை.

இதுக்கு வழி இல்லாம இல்லை. பெற்றோர் வெளியூர் போகிற மாசங்களில் பிள்ளைகளை ஊரிலேயே வச்சுப் படிக்க வைக்கப் பருவகால விடுதி நடத்தலாம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்திலேயே அதுக்கு இடம் இருக்கு. சித்தேரியில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கு, கீழே சமவெளியில் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன இருக்கு? பாட்டி வீடுதான். பாட்டி இல்லாட்டி சூளைதான். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் ஜனவரி முதல் மே வரை விடுதி வேணும். திரும்பி வருகிற பிள்ளைக்கு ஜூன் மாசம் தனிப் பயிற்சி வேணும். இதுதான் நம் கோரிக்கை.

பணம் எங்கேன்னு கேட்பாங்க. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலைன்னு 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சது நமக்குத் தெரியும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர்களின் சம்பளம் கூட இந்தத் தலைப்பில்தான் வருது. மும்மொழிச் சண்டையில் அந்தப் பிள்ளைகளை ஏன் பிணையா வைக்கணும்? அதே சமயம், 'டெல்லி தரலை'ன்னு சொல்லி மாநில அரசு கையைக் கட்டிக்கவும் நாம விடக் கூடாது.

இன்னொண்ணு ஞாபகம் இருக்கா? 2019இல் அஞ்சாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வுன்னு அறிவிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் வாபஸ். அது நடந்திருந்தா எங்க பையன் மாதிரிப் பிள்ளைக்குப் பத்து வயசிலேயே 'ஃபெயில்' முத்திரை. சூளைக்காரனுக்கு ஒரு முழு நேர ஆள். மறுபடி யாராவது அந்தக் கதவைத் திறந்தா, முதலில் தெருவுக்கு வரணும் நாம.

சரி, இதைப் படிக்கிற நீங்க என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டம். நம்ம தோழர்களில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போறோம்? கையெழுத்து மட்டும் போட்டுட்டு வர்றவங்கதான் அதிகம். இந்த முறை உட்காருங்க. கட்சித் துண்டை வீட்டில் வச்சிட்டுப் போங்க, அது அப்பா அம்மாவா உட்கார வேண்டிய இடம். ஆசிரியர்கிட்ட அதிகாரம் காட்டாதீங்க. 'என் பிள்ளை அரும்பா மொட்டா, அடுத்த படிக்கு நாங்க வீட்டில் என்ன செய்யணும் டீச்சர்'னு கேளுங்க. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வீட்டில் கன்னடம், தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் இருக்கு. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கேட்கிற தமிழ் புதுசு. அதையும் டீச்சர் காதில் போட்டு வையுங்க.

வரும்போது மூணு எண்ணை எழுதிக்கிட்டு வாங்க. பள்ளியில் மொத்தம் எத்தனை பிள்ளைகள், பாடம் நடத்துகிற ஆசிரியர் எத்தனை பேர், போன பொங்கலுக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் பேரோ படமோ வேண்டாம், எண் மட்டும் போதும். கிளைச் செயலாளரிடம் கொடுங்க, இல்லாட்டி இந்தப் பக்கத்துக்குச் செய்தியா அனுப்புங்க. ஒன்றியம் வாரியாத் தொகுத்து, விடுதிக் கோரிக்கையோடு மாவட்ட ஆட்சியரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் நேரில் கொடுக்கப் போறோம். அடுத்த பொங்கலுக்கு முன்னால் கொடுத்தாகணும். பஸ் ஏறின பிறகு கொடுத்துப் பிரயோசனமில்லை.



#தருமபுரி #அரசுப்பள்ளி #எண்ணும்எழுத்தும் #பருவகாலவிடுதி