ஆராய்ச்சிக் கல்வியும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் நாள். இனிச் செல்ல வேண்டிய வழியைத் தெரிந்துகொள்ளும் நாளும் அதுவே. வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடி நம் மக்கள் ஊர்விட்டு ஊர் நடந்த காலம் ஒன்றிருந்தது. பின்னர் ஆசிரியப் பயிற்சி, அரசுப் பணி, பொறியியல், மருத்துவம் என ஒவ்வொரு வாயிலாக நம் பிள்ளைகள் திறந்தனர். இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது நம்மவர் இன்னும் அதிகம் நுழையாத ஒரு வாயில். அறிவியல் ஆராய்ச்சியையே நோக்கமாகக் கொண்ட இளநிலைப் பட்டப்படிப்பு என்பது அதன் பெயர்.

அது என்ன படிப்பு?

நம் தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில், 1909இல் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கழகம் உள்ளது. நம்மவர் கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் நாள்தோறும் செல்லும் அதே நகரந்தான். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரக்கூடிய நான்காண்டு அறிவியல் பட்டப்படிப்பு 2011இல் தொடங்கியது. முதல் ஒன்றரை ஆண்டு கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய அனைத்தையும் எல்லோரும் பயில்வர். பின்னர் ஒரு துறையைத் தேர்ந்துகொள்வர். இறுதியாண்டில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து தாமே ஓர் ஆய்வைச் செய்து முடிப்பர். இதே நோக்கத்துடன் 2006 முதல் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு தோன்றின. நமக்கு அண்மையில் இருப்பவை திருப்பதியும் திருவனந்தபுரமும் ஆகும். அங்கே ஐந்தாண்டில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து கிடைக்கும்.

பிற கல்லூரிகளில் விடை தெரிந்த வினாக்களுக்கு விடை எழுதுகிறோம். இங்கே விடை இன்னும் எவர்க்கும் தெரியாத வினாவை எடுத்துக்கொண்டு அளந்து, பதிந்து, ஒப்பிட்டு, தவறினால் மீண்டும் தொடங்கிப் பழகுகிறோம். வேறுபாடு இவ்வளவே, எனினும் இது சிறிய வேறுபாடு அன்று.

நமக்கு ஆராய்ச்சி எதற்கு?

நம் மாவட்டத்து நீரையே எடுத்துக்கொள்வோம். பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த பிள்ளைகளையும், மூட்டு இறுகி முதுகு வளைந்த முதியோரையும் காணாதார் இல்லை. முன்வினை என்றனர் சிலர். வெற்றிலைக் கறை என்றனர் சிலர். உண்மையோ நம் காலடிப் பாறையில் இருந்தது. கருங்கல் இனப் பாறைகளிலுள்ள சில கனிமங்களில் புளோரைடு அடங்கியுள்ளது. ஆழ்துளைக் கிணறுகளின் ஆழம் கூடக் கூட, நெடுங்காலம் பாறையிடுக்கில் தங்கிய நீர் அதனைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் முதலில் பிள்ளைகளின் பல்லையும், நெடுநாள் பருகினால் எலும்பையும் அது கெடுக்கும்.

இதனை நமக்குச் சொன்னது ஆராய்ச்சியே. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் எலும்பு இறுகிய நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், இந்நோய் குடிநீரால் வருவது என எழுதினர். பின்னர் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியச் செய்யும் நல்கொண்டா முறையைக் கண்டனர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் புளோரைடு பாதிப்புத் தணிப்பை நோக்கமாகக் கொண்டே 2013 மே 29 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது.

ஆயினும் வினாக்கள் தீர்ந்துவிடவில்லை. அடுத்தடுத்த இரு கிணறுகளில் ஒன்றில் மிகுதியும் மற்றொன்றில் குறைவுமாக இருப்பது ஏன்? மழைக்கு முன்னும் பின்னும் அளவு எவ்வாறு மாறுகிறது? குழாய் நீர் வராத நாள்களில் எந்தத் தெருவார் எந்த நீரைப் பருகுகின்றனர்? இவ்வினாக்களைக் கேட்கத் தக்கவர், அந்நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளே அல்லரோ? 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரத்துச் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகி, அண்ணல் அம்பேத்கர் நிலைநாட்டியது நீரைத் தொடும் உரிமை. அந்நீரில் என்ன கரைந்துள்ளது என ஆய்ந்து உரைக்கும் தகுதி அதற்கடுத்த படியாகும்.

நுழையும் வழி

ஐசர் நிறுவனங்களுக்கெனத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கிலும் பதினைந்து பதினைந்தாக அறுபது வினாக்கள். மூன்று மணி நேரம். இந்திய அறிவியல் கழகத்திற்கும் இத்தேர்வு ஒரு வழியாகும். இவை யாவும் மைய அரசின் நிறுவனங்கள். பட்டியல் இனத்தார்க்கு 15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் இடங்கள் சட்டப்படி உண்டு.

அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லையெனில் சோர்வு வேண்டா. 1965இல் தோன்றிய தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் மூன்றாண்டு அறிவியல் பட்டம் பயின்று, அதன்பின் ஜாம் எனும் தேர்வு எழுதி, ஐ.ஐ.டி.க்களின் முதுநிலை வகுப்பிலோ, பெங்களூர்க் கழகத்தின் முதுநிலையும் முனைவர் பட்டமும் இணைந்த படிப்பிலோ சேரலாம். பட்டம் பயிலும்போதே, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, இரண்டு திங்கள் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழகி வரலாம்.

செலவும் காலமும்

"இத்தனை ஆண்டு படித்தால் வீட்டிற்கு எப்போது கொடுப்பான்?" என்று கேட்கும் தந்தையின் கேள்வி நியாயமானது. அதனைத் தட்டிக் கழித்தல் ஆகாது. பட்டத்திற்கு நான்கு ஆண்டு. முனைவர் பட்டத்திற்கு மேலும் ஐந்தாண்டேனும் ஆகும். ஆனால் முனைவர் ஆய்வு செய்யுங்கால் உதவித்தொகை உண்டு. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் திங்களுக்கு 37,000 ரூபாயாக உயர்ந்தது. பட்டியல் இன ஆய்வாளர்க்கெனத் தேசிய உதவித்தொகை தனியே உள்ளது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று இத்தகைய உயர் நிறுவனங்களில் சேர்வோரின் பட்டப்படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. பட்டியல் இன மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகையோ, அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டுப் பிள்ளை உடனே வேலைக்குச் செல்வதில் இழிவு ஏதுமில்லை. ஆயினும் ஆர்வமும் ஆற்றலும் உள்ள பிள்ளை, வழி தெரியாத ஒரே காரணத்தால் திரும்பிவிடக் கூடாது.

இடர்கள்

இனிப்பை மட்டும் சொல்லி விடுத்தல் முறையன்று. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்வழி பயின்றவர்க்கு முதல் ஆண்டு கடினம். சில தேர்வுகளில் தோற்கவும் நேரும். அது அறிவின் குறை அன்று, மொழியின் தடை.

மற்றோர் இடர் சாதி. டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறு கடைக்காரரின் மகனாய்ப் பிறந்த மேகநாத சாகா, கல்கத்தாவில் பயின்றபோது, உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். அவரே 1920இல், விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பத்தை அறிய உதவும் சமன்பாட்டைத் தந்தார். எல்லாக் கதைகளும் அவ்வாறு முடிவதில்லை. சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத் பல்கலைக்கழகத்திற்கு இயற்பியல் ஆய்வு செய்யச் சென்ற நம் சகோதரர் செந்தில்குமார், வழிகாட்டும் பேராசிரியர் அமையாத நிலையில் 2008இல் உயிர் துறந்தார். 2016 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். இப்பெயர்களை அச்சமூட்டுதற்காகக் கூறவில்லை. செல்லும் பிள்ளையைத் தனியே விடலாகாது என்பதற்காகவே கூறுகிறோம்.

கழகத்தின் கடமை

ஆதலின் நம் கழகத்தார்க்குச் சில வேண்டுகோள்கள். பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, இனங்கண்டு, இரண்டாண்டு ஞாயிறுதோறும் கணிதமும் ஆங்கிலமும் கற்பியுங்கள். விண்ணப்ப நாள்களைக் கழகச் சுவரில் எழுதி வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் அனைத்திற்கும் படிகள் எடுத்துக் கழகத்திலும் டிஜிலாக்கரிலும் காத்து வையுங்கள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிந்தபோது, வீடுகளோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் சாம்பலானதை நாம் மறத்தல் கூடுமோ?

வெளியூர் சென்ற மாணவருடன் திங்கள்தோறும் பேச ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வழிகாட்டி அமையாவிட்டாலும், உதவித்தொகை நின்றாலும், இழிசொல் நேர்ந்தாலும், உடனே அந்நிறுவனத்தின் பட்டியல் இனத்தார் பிரிவுக்கு எழுத்தில் முறையிட அவர் துணை நிற்கட்டும். ஒரு பிள்ளை சென்று வந்தால் அடுத்த பிள்ளைக்கு வழி சொல்ல ஆள் உண்டு. முதற்பிள்ளைக்குத்தான் எவருமில்லை, அவருக்குக் கழகமே ஆள்.

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்து, நாளும் இடமும் எழுதி ஒட்டி, ஆய்வுக்கு அனுப்புங்கள். திங்களுக்கு ஒரு முறை ஓராண்டு செய்யுங்கள். வந்த எண்களை ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். ஆராய்ச்சி அங்கேயே தொடங்கிவிடும்; பட்டம் பின்னர் வரும். அக்குறிப்பேட்டுடன் எங்களிடம் வாருங்கள், விண்ணப்பம் எழுதுவதற்கு நாங்கள் துணையிருக்கிறோம்.