பாண்டியர் துயிலிடம்
(தென்காசிப் பொழிவு)



சோழர்தம் உறவினர் துயிலுமிடங்களைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பாட்டன் அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் பள்ளிப்படை எடுத்தான் அரசராசன். சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீச்சுரத்தில் எடுத்தான் அவன் மகன் அரசேந்திரன். பள்ளி என்பது துயிலிடம். சாவையும் துயிலாக்கிய சொல் அது! 'சமாதி' என்னும் வடசொல்லைச் சுமப்போர் இதனை எண்ணுக.

தென்காசிப் பாண்டியர்க்கோ? 1446-இல் இவ்வூர்க் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் 1463-இல் மறைந்தான். இக்கோயிலைக் காப்போர் அடிகளில் வீழ்வதாகப் பாட்டியற்றிக் கல்லிற் பொறித்தான். முடிசூடியவன் மாந்தரைப் பணிந்தான்! நைடதம் பாடிய அதிவீரராமனும் இக்குடியினனே. கரிவலம்வந்தநல்லூரிலோ, மகப்பேறற்ற வரதுங்கராமனுக்கு இறைவனே மகனாக நின்று ஈமக்கடன் ஆற்றினான் என்பது ஊர் வழக்கு. தொன்மப் பூச்சைச் சுரண்டினால், அரசன் அவ்வூரில் முடிந்தான் என்னும் நினைவு எஞ்சுகிறது. தேடல் அங்குத் தொடங்குக.

குற்றால அருவியில் தலைநனைப்போர் எத்துணைப் பேர்! அவருள் குற்றாலநாதர் கோயிற் கல்லெழுத்தை நின்று படித்தவர் எத்துணைப் பேர்? திருப்பணியின் பெயரால் அவ்வெழுத்தின்மேற் சுண்ணம் தீற்றுமுன், அதனைப் படியெடுக்க வேண்டும். ஊர்முதியோர் வாய்ச்செய்திகளையும், பழைய இடுகாட்டுப் பெயர்களையும் அவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். இப்பணிக்கு ஊருக்கு இருவர் போதும், இளைஞர் முன்வருக.