உறுதி பெட்டிக்குள் இருந்தால் போதாது

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றி இல்லை, காகிதத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் ஏன் பேசுகிறேன் என்று விளங்கும்.

அப்பா 2008இல் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சேமலாப நிதிக் காசும் சேவைக்காலக் காசும் கைக்கு வந்தது. பிள்ளைகளாவது லயத்தை விட்டு வெளியே போகட்டும் என்று ரோட்டோரத்தில் எட்டுப் பேர்ச் காணி வாங்கினார். நொத்தாரிசிடம் போனார், கையெழுத்து வைத்தார், காசைக் கொடுத்தார். சில கிழமையில் உறுதி வந்தது. அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தகரப் பெட்டியில், பிரஜாவுரிமைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் காம்பராவில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஆறு வருஷம் கழித்து, வீடு கட்ட அக்கா வங்கிக் கடன் கேட்டுப் போனார். காணிப் பதிவகத்துப் பிரதி கொண்டுவரச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் அப்பாவின் பெயர் அதில் இல்லவே இல்லை. உறுதியை யாரும் பதியவில்லை. பதிவேட்டில் காணி இன்னும் தன் பெயரில் இருப்பதைக் கண்ட பழைய சொந்தக்காரர், அதே காணியை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தார். அந்த ஈடு ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது. ஆள் ஊரிலேயே இல்லை. வழக்குப் பேச எங்களுக்கு வசதியும் இல்லை. அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசும் நான் ஆசிரியராகி வாங்கிய முதல் இரண்டு வருஷச் சம்பளமும் அந்த ஈட்டை மீட்கப் போனது. ஒரே மண்ணுக்கு இரண்டு தடவை காசு கொடுத்த குடும்பம் எங்களுடையது.

எங்கே பிழைத்தது? உறுதி எழுதினால் நொத்தாரிசு அதில் மூன்று பிரதி வைப்பார். மூலப் பிரதி நமக்கு. ஒன்று அவரிடம் இருக்கும். இன்னொன்றை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் பலரும் பதிவு என்று நினைக்கிறோம். இரண்டாம் பிரதியை அனுப்புவது வேறு, உறுதியைப் பதிவது வேறு. பதிவதற்கு மூல உறுதியைப் பதிவகத்தில் கொடுத்து, கட்டணம் கட்டி, அந்தக் காணிக்குரிய பக்கத்தில் நம் பெயரை ஏற்ற வேண்டும்.

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இதில் கண்டிப்பானது. ஒரே காணிக்கு இரண்டு உறுதி இருந்து, பிந்தி எழுதியவர் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், அவருக்கே முன்னுரிமை. மோசடி நடந்தது என்றால் அதை நாம்தான் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் இன்று வீட்டுக்குப் போனதும் உறுதியை வெளியே எடுங்கள். பதிவகத்தின் முத்திரை, பதிந்த திகதி, தொகுதி இலக்கம், பக்க இலக்கம் நான்கும் இருக்கிறதா பாருங்கள். தொகுதியையும் பக்கத்தையும் சாய்கோடு போட்டுச் சேர்த்து எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைச் சிங்களத்தில் ‘பத்இரு’ என்பார்கள். கந்தோரில் அந்தச் சொல்லும் காதில் விழும், பயப்பட வேண்டாம்.

இலக்கம் இருந்தால் வேலை சுலபம். காணி இருக்கும் பகுதிக்குரிய பதிவகத்தில், அது நுவரெலியாவோ பதுளையோ இரத்தினபுரியோ, விண்ணப்பம் நிரப்பி, கட்டணம் கட்டி, பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். யார் யாருக்கு விற்றார், எந்த ஈடு இன்னும் தீரவில்லை, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். பக்கம் நிரம்பியிருந்தால் அடுத்த பக்கத்தின் இலக்கம் எழுதியிருக்கும். அதையும் எடுக்க வேண்டும். பாதிக் கதையைப் படித்துவிட்டுக் காணி வாங்கக்கூடாது. சட்டத்தரணிகள் வழக்கமாக முப்பது வருஷம் பின்னால் போய்ப் பார்ப்பார்கள்.

இலக்கம் இல்லையென்றால் உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், கிராமம், நான்கு எல்லை, அளவைப் படத்தின் இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்த் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள். உறுதியே தொலைந்தாலும் கதை முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணுக்குள் போன பெட்டியை எடுக்க முடியாது. பதிவகத்தில் இரண்டாம் பிரதி இருந்தால் அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி வாங்கலாம். அதற்கு இலக்கமும் திகதியும் வேண்டும். உறுதியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பதிந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். விற்றவருக்கே உரிமை இல்லாவிட்டால் பதிவு அதை உரிமையாக்காது. ஆகவே காசைக் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தைப் பாருங்கள். கொடுத்த பிறகு தாமதிக்காமல் பதியுங்கள். பதிந்த பிறகு இன்னொரு தடவை பிரதி எடுத்து உங்கள் பெயரைக் கண்ணால் பாருங்கள்.

பெயர் என்றதும் நம் ஆட்களின் பெரிய தலைவலி ஞாபகம் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொன்று. கிளாக்கர் ஐயா காதில் விழுந்ததுதான் எழுத்து. உறுதியில் அடையாள அட்டையில் உள்ள பெயரும் இலக்கமும் அப்படியே வர வேண்டும். கையெழுத்து வைக்கும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாய்மாரே, புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும் உறுதி எழுதலாம். மலையில் நின்று உழைத்த காசில் வாங்கும் காணியில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

மொழியையும் சொல்கிறேன். ‘எல்லாம் சிங்களத்தில் இருக்கிறது’ என்று திரும்பி வந்துவிடாதீர்கள். நாம் பார்க்க உரிமையுள்ள அரசாங்கப் பதிவேட்டின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்டுப் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது. மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கடிதம் எழுத நானும் சங்கக் காரியாலயமும் இருக்கிறோம்.

இனி லயத்தில் இருப்பவர்கள். நம்மில் பெரும்பாலானோருக்கு இன்னும் உறுதியே கிடையாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்தன. துரை எழுதித் தரும் கடிதம் காணி உறுதி ஆகாது. ஏழு பேர்ச்சில் புதிய வீடு கிடைத்தவர்கள், மேடையில் வாங்கிய பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். யார் கொடுத்தது, எந்த அளவைப் படம், விற்கவும் ஈடு வைக்கவும் உரிமை உண்டா, பதிவு இலக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கொடுத்த நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். கோரிக்கைக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும்.

நம் பாட்டன் பூட்டன் இந்த மலைகளைத் திருத்தினார்கள். 1948இல் அவர்களிடம் காகிதம் கேட்டார்கள். காட்ட முடியாததால் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டம் மேல் சட்டம் போட வேண்டியிருந்தது. காகிதம் இல்லாதவன் கதி என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் படித்த பிள்ளைகள் இரண்டு பேரைத் தெரிவு செய்து பெயர் தாருங்கள். விண்ணப்பம் நிரப்ப ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். மாதம் ஒரு நாள் சேர்ந்து பதிவகத்துக்குப் போவோம். தனியாகப் போய்ப் பேர் இழந்து, ஒரு கையெழுத்துக்காகத் திரும்பி வருவதைவிட அது நல்லது.

அப்பா இப்போது இல்லை. உறுதி அதே தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் இன்று அதில் முத்திரை இருக்கிறது, இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கம் அம்மாவுக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவே மனப்பாடம் செய்திருக்கிறார் என்றால், நீங்களும் செய்யலாம்.