இணைந்தும் திறவாத வலை

ரயில் நிலையத்துப் பொது வைஃபையில் மடிக்கணினி இணைந்துவிட்டதாகத் திரை சாட்சி சொல்லியும் ஒரு பக்கமும் திறவாதிருக்கும் விசித்திரத்தைக் கருவியின் தோஷமென்றே பலரும் கருதிவிடுகிறார்கள். பாவம், கருவி பெரும்பாலும் நிரபராதி. கைப்பேசி எண்ணைக் கேட்டு, ஓடிபியை வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே விடும் நுழைவுப் பக்கம் ஒன்று அங்கே வழிமறித்து நிற்கிறது; எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரிகளோ இடைமறிப்பைச் சகிக்காத சுபாவமுடையவையாதலால், அவற்றைத் திறக்க முயலும்போது அந்தப் பக்கம் நம் கண்ணுக்குத் தோன்றாமலே போய்விடுகிறது. அத்தருணத்தில் விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு, பூட்டில்லாத சாதாரண எச்டிடிபி முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்தால், மறைந்திருந்த நுழைவுப் பக்கம் அநேகமாகப் பிரசன்னமாகும். அதுவும் பலிக்காவிடில், எப்போதோ யாரோ 8.8.8.8 என்று எழுதிவைத்த டிஎன்எஸ் அமைப்பைத் தானியங்கி நிலைக்குத் திருப்பி, வண்டி வர அவகாசமிருந்தால், மீண்டும் ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.